சுவரின் கடைசிப் பூச்சு: குற்றாலம் சித்திர சபை முதல் ஜிப்சம் பலகை வரை

கட்டிய சுவரின் மீதும் கூரையின் அடிப்பக்கத்தின் மீதும் கடைசியாக இடப்படும் மிக மெல்லிய, வழுவழுப்பான பூச்சே இறுதிப் பூச்சு. சுவரைத் தாங்குவது கல்லும் செங்கல்லும். நம் கண்ணில் படுவதும் கை தொடுவதும் ஓவியன் வண்ணம் தீட்டுவதும் சில மில்லிமீட்டர் கனமே உள்ள இந்தத் தோலின் மீதுதான். தமிழகத்தில் இது நெடுங்காலம் சுண்ணாம்பாலேயே செய்யப்பட்டது. இன்றைய வீடுகளில் அந்த இடத்தைப் பட்டியும் (சுவருக்குப் பூசும் வெள்ளை மாவு), ஜிப்சமும் பிடித்துள்ளன.

சித்திர சபை

நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று குற்றாலத்துச் சித்திர சபை. மற்ற நான்கும் திருவாலங்காடு, சிதம்பரம், மதுரை, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் உள்ளன. அந்த நான்கும் முறையே இரத்தினம், பொன், வெள்ளி, தாமிரம் என்று விலையுயர்ந்த பொருள்களின் பெயரைத் தாங்கியவை. குற்றாலத்தில் மட்டும் சபைக்குப் பெயர் தந்தது ஓவியம். குற்றாலநாதர் கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி, தெப்பக்குளத்தை ஒட்டித் தனிக் கட்டடமாக இது நிற்கிறது. ஆடும் இறைவன் இங்கே சுவரோவியமாகவே வழிபடப்படுகிறார். சுற்றிலும் புராணக் காட்சிகள் தீட்டப்பட்டுள்ளன. ஆக, வழிபடப்படும் திருவுருவமே சுவர்ப்பூச்சின் மீது இருக்கிறது. அந்தப் பூச்சு உதிர்ந்தால் உருவமும் உதிரும்.

இருக்கும் இடமோ ஈரத்தின் நடுவே. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே நுழைந்து, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்காசி வட்டாரத்தில் சாரலைத் தூவும். துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாத நாள்கள் அவை.

சுண்ணாம்பு வேலை செய்யும் விதம்

சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் இட்டு ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால், அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதில் நீர் ஊற்றினால் கொதித்து நீறும். நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் பூசியபின், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மறுபடியும் கால்சியம் கார்பனேட் ஆகிறது. அதாவது சுவரில் திரும்பவும் கல் உருவாகிறது. பள்ளியில் தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழாய் வைத்து ஊதச் சொல்வோம். அது பால்போல் வெளுக்கும். குழந்தைகள் அதை மூச்சைப் பற்றிய சோதனை என்று மட்டுமே நினைவில் வைக்கிறார்கள். கோயில் சுவரில் மாதக்கணக்கில் நடப்பதும் அதே வினைதான்.

இந்த வினைக்கு அவசரம் ஆகாது. நீற்றிய சுண்ணாம்பைக் குழியில் நீருக்கடியில் எவ்வளவு காலம் கிடத்துகிறோமோ அவ்வளவு மென்மை கூடும். மூன்று ஆண்டுக்குக் குறைந்த சுண்ணாம்பைப் பயன்படுத்தக் கூடாது என்ற பழைய உரோமானிய விதியைப் பிளினி குறிப்பிடுகிறார். நம் ஊர்களில் சுண்ணாம்பையும் மணலையும் வட்டப் பள்ளத்தில் கொட்டி, மாடு பூட்டிய கல் உருளையால் அரைத்தார்கள். கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டியோ வெல்லமோ கரைத்த நீரும் அதில் சேரும். இனிப்பு சேர்ந்த நீரில் சுண்ணாம்பு அதிகம் கரையும். கலவை இறுகுவதும் தாமதப்படும். கொத்தனார் நிதானமாகத் தேய்க்க அந்த அவகாசம் வேண்டியிருந்தது.

முதலில் பருமணல் சேர்ந்த காரை, அதன்மேல் நுண்மணல் சேர்ந்த காரை, கடைசியில் மணலே இல்லாமல் சலித்து அரைத்த வெண்சுண்ணாம்பு என்று பூச்சு படிப்படியாக மெலியும். செட்டிநாட்டு வீடுகளில் கடைசிப் படையில் முட்டை வெள்ளைக் கருவைச் சேர்த்து, வழுக்குக் கல்லால் பளபளக்கும்வரை தேய்த்தார்கள். சென்னையில் கிளிஞ்சல் சுண்ணாம்பால் செய்த பூச்சை ஐரோப்பியர்கள் சலவைக்கல்லுக்கு ஒப்பிட்டுப் புகழ்ந்தனர். கேரளத்து ஸ்ரீகுமாரர் 16ஆம் நூற்றாண்டில் இயற்றிய 'சில்பரத்னம்' ஓவியத்துக்கு வெண்சுவரை ஆயத்தம் செய்யும் முறையைத் தனியே விளக்குகிறது. வண்ணத்தைப் பற்றிப் பேசுமுன் சுவரைப் பற்றிப் பேசிய அந்த வரிசை மிகச் சரியானது.

பூச்சு ஓவியத்தைக் காப்பது போலவே மறைக்கவும் செய்யும். தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைச் சுற்றில் சோழர் ஓவியங்களின் மேல் புதிதாகப் பூசி நாயக்கர் காலத்தில் வேறு ஓவியங்கள் தீட்டப்பட்டன. அடியில் இருந்தவற்றை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். வேதியியல் அறிஞர் எஸ். பரமசிவன் அந்தச் சுவர்ப்பூச்சை ஆய்ந்து ஓவிய நுட்பத்தை விளக்கினார். பின்னர் தொல்லியல் துறையினர் மேலடுக்கு ஓவியங்களைப் பிரித்தெடுத்து வேறு பலகைகளில் பொருத்தினர்.

சிமெண்டும் ஜிப்சமும்

திருநெல்வேலிக்கு அருகே தாழையூத்தில் சங்கர்நகர் சிமெண்ட் ஆலை 1949இல் உற்பத்தியைத் தொடங்கியது. அந்த ஆலைக்கும் மூலப்பொருள் சுண்ணாம்புக் கல்லே. களிமண் சேர்த்து இன்னும் கூடுதல் வெப்பத்தில் சுட்டபோது, அது மணிக்கணக்கில் இறுகும் பொருளாயிற்று. காளவாயும் செக்கும் குறைந்தன. அரைக்கத் தெரிந்தவர்களும் குறைந்தார்கள்.

ஜிப்சத்தின் கதை வேறு நாட்டில் தொடங்குகிறது. அது கால்சியம் சல்பேட்டும் நீரும் சேர்ந்த மென்கல். ஏறத்தாழ 150 டிகிரியில் சுட்டாலே போதும், நீரில் பெரும்பகுதி போய்ப் பொடியாகிவிடும். மறுபடி நீர் சேர்த்தால் சில நிமிடங்களில் இறுகும். பாரிசின் மோன்மார்த்ர் குன்றில் வெட்டியெடுத்ததால் அந்த நகரின் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. 1894இல் அமெரிக்கர் அகஸ்டின் சாக்கெட், காகிதங்களுக்கு இடையே இதை வைத்துப் பலகையாக்கக் காப்புரிமை பெற்றார். பலகையைச் சட்டத்தில் திருகி, இணைப்புகளில் நாடா ஒட்டி, அதன்மேல் 2 அல்லது 3 மில்லிமீட்டர் ஜிப்சம் பூசினால் சுவர் ஆயத்தம். பிரிட்டனில் வீட்டுக்காரர்களே கரணை பிடித்து இதைச் செய்வதுண்டு. நம்மிடம் பலகை பெரும்பாலும் 'ஃபால்ஸ் சீலிங்' என்ற பெயரில் கூரைக்குத்தான் ஏறியிருக்கிறது. இணைப்புகளை மூடிப் பட்டி பார்த்து வண்ணம் அடிப்பதோடு வேலை முடியும். மூலப்பொருளுக்கும் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. பக்கத்துத் தூத்துக்குடியில் பாஸ்பாரிக் அமிலம் தயாரிக்கும்போது ஜிப்சம் கழிவாகக் குவிகிறது. ஒரு டன் அமிலத்துக்கு ஏறத்தாழ 5 டன்.

சாரல் ஊரில்

ஒரு லிட்டர் நீரில் சுமார் 2 கிராம் ஜிப்சம் கரையும். இறுகிய சுண்ணாம்பு அதில் நூறில் ஒரு பங்குகூடக் கரையாது. வறண்ட ஊரில் இந்த வேறுபாடு பொருட்டே அல்ல. தென்காசியிலும் குற்றாலத்திலும் பொருட்டு உண்டு. தளம் கசிந்தால் ஜிப்சம் கூரை பழுப்புக் கறையாகி, ஊறி, தொய்ந்துவிடும். காய்ந்த உள்ளறைக்கு அது நல்ல பொருளே. விரைவு, நேர்த்தி, செலவு மூன்றிலும் சுண்ணாம்பு அதனோடு போட்டியிட முடியாது.

என் கவலை பழைய சுவர்களைப் பற்றியது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் தரையிலிருந்து உறிஞ்சிய ஈரத்தை மேற்பரப்பின் வழியே காற்றில் விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசி, ஈரம் கடத்தாத வண்ணத்தையும் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கும். அதில் கரைந்த உப்புகள் பூச்சுக்கு அடியில் படிகமாகி அதை நெம்பித் தள்ளும். உப்புப் பூத்த சுவர் என்று சொல்லி மேலும் சிமெண்ட் பூசுவது தென்காசி, செங்கோட்டைத் தெருக்களில் வழக்கமான வைத்தியம். உப்பு அப்போது இரண்டு அடி மேலே போய்ப் பூக்கும். இத்தகைய சுவரில் சிமெண்டைப் பெயர்த்துவிட்டு, ஒரு கோடை முழுவதும் சுவரைக் காயவிட்டு, பிறகு சுண்ணாம்பே பூச வேண்டும். சாரலுக்கு முன்னதாகவே, பங்குனியில், வேலையைத் தொடங்கினால்தான் பூச்சு இறுக நாள் கிடைக்கும்.