அடித்த வரிகளில் முளைத்த பறவைகள்

எழுதியதை அடிக்காமல் யாரும் எழுதுவதில்லை. ரவீந்திரநாத் தாகூரும் அடித்துத்தான் எழுதினார். ஆனால் அடித்த கோடுகளை அப்படியே விட அவருக்கு மனம் வராது. ஒன்றோடு ஒன்றை இணைத்துக்கொண்டே போவார். கடைசியில் ஒரு பறவையோ, பெயர் தெரியாத மிருகமோ அங்கே உட்கார்ந்திருக்கும்.

1924 இறுதியில் பெரு நாட்டுக்குப் போகும் வழியில் உடம்பு சரியில்லாமல் அர்ஜென்டினாவில் தங்கினார். அங்கே அவரைக் கவனித்துக்கொண்ட எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போ, 'பூரபி' கவிதை நோட்டில் இந்தக் கிறுக்கல்களைப் பார்த்து அசந்துபோனார். 1930 மே மாதம் பாரிசில் முதல் கண்காட்சி நடக்க உதவியதும் அவர்தான். தாகூருக்கு அந்த மாதம்தான் 69 நிறைந்தது.

நோபல் வாங்கியவர் கிறுக்கினால் கண்காட்சி, நாம் கிறுக்கினால் குப்பைத்தொட்டி என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கண்காட்சி வந்தது பிறகு. அதற்கு முன் பல வருடங்கள் யாரும் கேட்காமல், தன் சந்தோஷத்துக்காகவே அந்தக் கை வரைந்திருக்கிறது. 1941-ல் மறைவதற்குள் 2000-க்கும் மேல் வரைந்துவிட்டார். கவிதைக்குத் தலைப்பு வைத்தவர், படங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தலைப்பே வைக்கவில்லை. என்ன வந்திருக்கிறது என்று அவரே பார்த்துத் தெரிந்துகொண்டார் போலிருக்கிறது.

ஆபீசில் 34 வருடம் லெட்ஜர் எழுதிய கை என்னுடையது. இப்போது தினமும் காலை காபி முடிந்ததும் நோட்டில் ஒரு பக்கம் வரைகிறேன். நேற்று பேத்தி எட்டிப் பார்த்து, "இது நாயா, ஆடா தாத்தா?" என்றாள்.

எனக்கும் தெரியவில்லை.