காரின் விசிறிக்கும் ஒரு வரலாறு உண்டு

கொஞ்சம் நீளமான பதிவு. பழைய கார் வைத்திருப்பவர்கள் கடைசி வரை படியுங்கள்.

போன மாதம் அக்காவைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். என் கார் 1998-ம் வருட மாடல். என்னோடு சேர்ந்து அதுவும் ஓய்வு பெற்றிருக்க வேண்டும். பைபாஸில் நாற்பது நிமிடம் ஓட்டியும் ஒரு தொந்தரவும் இல்லை. டவுனுக்குள் ரயில்வே கேட்டில் பத்து நிமிடம் நின்றோம். டெம்பரேச்சர் முள் மெல்ல ஏறிச் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தேன். ரேடியேட்டர் மூடியில் துணியைப் போட்டுத் திருகப் போனபோது, டீக்கடைக்காரர் "சார், கையை எடுங்க!" என்று கத்தினார். அவர் கத்தியிராவிட்டால் இந்தப் பதிவைத் தட்டச்சு செய்ய என் விரல்கள் உதவியிருக்காது.

அக்காவை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் எட்டிப் பார்த்துவிட்டு, "ஃபேன் மோட்டார் போயிடுச்சு, ரேடியேட்டரையும் மாத்திடலாம், 9,000 ஆகும்" என்றார்கள். மனம் ஒப்பவில்லை. என்னிடம் எட்டாம் வகுப்பு படித்து, இப்போது ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருக்கும் ஒரு மாணவரைக் கூப்பிட்டேன். மறுநாள் காலை வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: "சார், ஓடும்போது சூடாச்சா, நிக்கும்போது சூடாச்சா?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்த பிறகுதான் எனக்கே அது புரிந்தது.

கார்ல் பென்ஸ் 1886-ல் காப்புரிமை பெற்ற முதல் காரில் விசிறியே கிடையாது. எஞ்சினைச் சுற்றியிருந்த தண்ணீர் கொதித்து ஆவியாகும். அந்த ஆவியோடு சூடும் போகும். 1888-ல் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல், இரு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டிச் சென்றார். வழியெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டேதான் போக வேண்டியிருந்தது.

திருப்பம் 1900-ன் கடைசியில் வந்தது. டைம்லர் நிறுவனத்துக்காக வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த 35 குதிரைத்திறன் மெர்சிடிஸில் தேன்கூட்டு ரேடியேட்டர் வந்தது. 8,070 சிறு சதுரக் குழாய்களின் வழியே காற்று புகுந்து போகும். அதனால் 9 லிட்டர் தண்ணீரே போதுமானதாயிற்று. ஆனால் கார் மெதுவாகப் போனால் காற்று எப்படிப் புகும்? அதற்காக மேபாக் ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு விசிறியை வைத்தார். இந்த இடத்தைக் கவனியுங்கள். கார் வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே வேலையைப் பார்த்துக்கொள்ளும். விசிறி பிறந்ததே மெதுவாகப் போகும் நேரத்துக்காகத்தான்.

மாணவர் கேட்ட கேள்வியின் பொருள் இதுதான். நெடுஞ்சாலையில் சரியாக இருந்து, நின்றால் சூடானால், முதல் சந்தேகம் விசிறி மேல். ஓடும்போதே சூடானால், கூலன்ட் குறைவு, அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

பிறகு நீண்ட காலம் விசிறியை எஞ்சினே பெல்ட் வழியாகச் சுற்றியது. நம் அம்பாசடரும் அப்படித்தான். சித்தப்பாவின் அம்பாசடரில் ஏற்காடு போனபோது மலைப்பாதையில் ஃபேன் பெல்ட் அறுந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த ஒரே பெல்ட்தான் விசிறி, வாட்டர் பம்ப், டைனமோ மூன்றையும் சுற்றும். டிரைவர் அண்ணன் டிக்கியிலிருந்து வேறு பெல்ட்டை எடுத்து மாட்டினார். எஞ்சின் ஓடுகிறதா, விசிறி சுற்றுகிறதா என்று பார்த்தாலே போதும். பழுது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

குறை என்னவென்றால், தேவை இல்லாதபோதும் அது சுற்றி எஞ்சின் சக்தியைத் தின்றது. அதோடு இன்னொரு சிக்கலும் வந்தது. இடத்தை மிச்சப்படுத்த எஞ்சினைக் குறுக்காக வைக்கும் வழக்கம் பரவியது. அப்படி வைத்தால் பெல்ட் இருக்கும் முனை சக்கரத்தைப் பார்க்கும். ரேடியேட்டரோ முன்பக்கம் இருக்கும். 1959-ல் வந்த பிரிட்டனின் மினி காரில் ரேடியேட்டரையே பக்கவாட்டுக்குக் கொண்டுபோனார்கள். 1969-ல் வந்த இத்தாலியின் ஃபியட் 128-ல் ரேடியேட்டர் முன்னாலேயே இருந்தது. மின்சார விசிறி அதைக் குளிர்வித்தது. நம் நாட்டில் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு, குறுக்கு எஞ்சினும் மின்விசிறியும் கொண்ட சிறு கார்கள் தெருவெல்லாம் பெருகின.

இங்கேதான் பெரிய மாற்றம். முன்பு எஞ்சின் ஓடினால் விசிறி சுற்றியே ஆக வேண்டும். இப்போது எப்போது சுற்றுவது என்று இன்னொருவர் முடிவு செய்கிறார். சூட்டை உணர்ந்து உத்தரவு போடுவது தெர்மோ ஸ்விட்ச். உத்தரவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவை ஃபியூஸ், ரிலே, வயர், எர்த். வேலை செய்வது மோட்டார். விசிறி நின்றால் எல்லாரும் கடைசியில் இருப்பவரைத்தான் குற்றவாளி ஆக்குகிறோம். உத்தரவே வரவில்லையென்றால் அவர் என்ன செய்வார்?

என் மாணவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். எஞ்சின் ஆறியிருந்தது. முதலில் கூலன்ட் அளவைப் பார்த்தார். அது குறைந்து ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் காற்று நின்றால், ஸ்விட்ச் சூட்டைச் சரியாக உணராதாம். பிறகு ஃபியூஸைப் பார்த்தார், நன்றாக இருந்தது. தெர்மோ ஸ்விட்ச்சின் கப்ளரைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்தார். சாவியைத் திருகச் சொன்னார். விசிறி சுற்றியது! அப்படியென்றால் மோட்டார், ரிலே, வயர் எல்லாம் நிரபராதிகள். ஸ்விட்ச்தான் உத்தரவு போடவில்லை. புது ஸ்விட்ச்சும் கூலன்ட்டும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

அப்போதும் சுற்றாவிட்டால்? "மோட்டாருக்கு நேரா பேட்டரி கரன்ட் கொடுத்துப் பாப்பேன் சார். சுத்தினா ரிலே, வயர், எர்த் பக்கம் கோளாறு. சுத்தலைன்னாதான் மோட்டார். அதுலயும் பெரும்பாலும் உள்ளே கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கும்" என்றார். இந்த வயர் சோதனை இரண்டு வயர் ஸ்விட்ச் உள்ள பழைய கார்களுக்கு மட்டும். பின்னால் வந்த கார்களில் கம்ப்யூட்டர் உத்தரவு போடுகிறது. அங்கே வயரைச் சொருகிப் பார்க்காதீர்கள்.

மூன்று விஷயங்களைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். ஒன்று, முள் சிவப்பைத் தொட்டால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டினால் ஹெட் கேஸ்கட் போய்விடும். இரண்டு, சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடி திறந்த அந்த நொடியே கொதித்துப் பீறிடும். மூன்று, விசிறிக்குள் கையை விடாதீர்கள். சில கார்களில் எஞ்சினை நிறுத்திய பிறகும் அது திடீரென்று சுற்றும்.

அந்த மாணவருக்கு வரலாற்றில் நான் போட்ட மதிப்பெண் 38. 'காரணங்களைக் கூறுக' என்ற கேள்வியை எப்போதும் விட்டுவிடுவார் என்று திட்டியிருக்கிறேன். அன்று காரணம் தெரியாமல் மூடியைத் திருகப் போனவன் நான். கூலியாக எவ்வளவு கொடுத்தும் வாங்க மறுத்துவிட்டார். காபி மட்டும் குடித்தார்.

அக்காவின் கண் நன்றாக இருக்கிறது. உங்கள் வீட்டுப் பழைய கார் என்ன சொல்கிறது என்று கீழே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்