கொங்குவேளிரும் சொந்தச் செலவில் நூல் போடுபவரும்

மாயமும் மந்திரமும் விஞ்சையரும் நிறைந்த நெடுங்கதை ஒன்றை எழுதி, பதிப்பாளர் எவரும் முன்வராத நிலையில் சொந்தச் செலவில் அச்சிட்டு, தாமே சுமந்து சென்று விற்கும் எழுத்தாளரை நம் இலக்கிய உலகம் சற்று ஏளனத்தோடுதான் பார்க்கிறது. ஃபேன்டஸி எனப்படும் மிகுபுனைவு சிறுவர்க்குரியது என்பது ஓர் ஏளனம். தன் நூலைப் பற்றித் தானே பேசுவது தகாது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் கொங்கு நாட்டின் பழைய இலக்கிய வரலாற்றை வைத்துப் பரிசீலிக்கலாம். தமிழின் மிகப் பழைய மிகுபுனைவு நெடுங்கதைகளுள் ஒன்று இம்மண்ணில் பிறந்தது. ஆசிரியன் தன்னைப் புகழலாமா என்பதற்கு விதி வகுத்தவரையும் இம்மண் தன்னவர் என்றே உரிமை பாராட்டுகிறது.

ஈரோடு மாவட்டத்து விஜயமங்கலம் கொங்குவேளிரின் ஊர். அவர் இயற்றிய பெருங்கதையில் மதங்கொண்ட யானை யாழிசைக்கு அடங்குகிறது. கருவுற்ற வாசவதத்தை வானில் பறக்க விரும்ப, அதற்கென ஊர்தி ஒன்று செய்யப்படுகிறது. இயக்கன் வந்து உதவுகிறான். இன்று எவரேனும் இப்படி எழுதினால் 'குழந்தை இலக்கியமா?' என்று கேட்பார்கள். சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லாருக்கு அந்த ஐயம் எழவில்லை. உதயணன் கதையை மதிப்போடு குறித்துச் செல்கிறார் அவர்.

இக்கதையின் மூலமான பிருகத்கதை பிறந்த விதத்தைப் பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் கதாசரித்சாகரத்தில் சொல்கிறார். குணாட்டியர் காட்டில் மை கிடைக்காமல் தம் குருதியால், பைசாச மொழியில், ஏழாண்டுகள் எழுதி ஏழு இலட்சம் சுலோகங்களை முடிக்கிறார். சாதவாகன மன்னன் அதை இகழ்ந்து திருப்பி அனுப்பிவிடுகிறான். குணாட்டியர் தீ மூட்டி, ஒவ்வோர் ஏடாக வாசித்து, வாசித்ததை நெருப்பில் இடுகிறார். விலங்குகள் மேய்ச்சலை மறந்து கண்ணீரோடு கேட்கின்றன. செய்தி அறிந்து மன்னன் ஓடிவரும்போது எஞ்சியது ஓர் இலட்சம் மட்டுமே. தொன்மம்தான். ஆயினும் நிராகரிக்கப்பட்ட படைப்பாளியின் துயரத்தை இதைவிடக் கூர்மையாகச் சொன்ன கதை அரிது. மன்னன் கேட்க மறுத்ததைக் காடு கேட்டது என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஓலைச் சுவடிக் காலத்தில் பதிப்பாளர் என்று தனியே எவரும் இல்லை. அரங்கேற்றமே வெளியீட்டு விழா, சிறப்புப்பாயிரமே மதிப்புரை. அரங்கேற்றம் எளிதான காரியமும் அன்று. அவையோர் தடை எழுப்புவர். ஆசிரியர் விடை கூற வேண்டும். புலவர்கள் எழுப்பிய வினாக்களுக்குக் கொங்குவேளிர் தம் வீட்டுப் பணிப்பெண்ணைக் கொண்டே விடை சொல்ல வைத்தார் என்றொரு கதை கொங்கில் வழங்குகிறது. நூல் அவைக்குப் போகுமுன்பே அடுக்களை வரை சென்று சேர்ந்திருந்தது என்பதே இக்கதையின் உட்பொருள் என்று எனக்குத் தோன்றுகிறது.

தற்புகழ்ச்சி பற்றி நன்னூல் கூறுவது இன்னும் சுவையானது. அதை இயற்றிய பவணந்தி முனிவரின் ஊர் பெருந்துறையை அடுத்த சீனாபுரம் என்பது கொங்கு நாட்டார் கொள்கை. எத்துணை அரிய நூலைச் செய்தாலும் ஆசிரியன் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்கிறார் அவர். உடனே விதிவிலக்குகளையும் அடுக்குகிறார். அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதவரிடையிலும், அவையில் வெல்ல வேண்டிய பொழுதிலும், எதிராளி தன்னைப் பழிக்கும்போதும் புலவன் தன்னைப் புகழலாம். அறிமுகமற்ற எழுத்தாளர் நிற்பது இவற்றுள் இரண்டாவது இடத்தில்தானே! தமிழிலக்கணமே அவருக்கு அனுமதி தந்திருக்கிறது.

அச்சுக் காலத்தில் சொந்தமாக நூல் வெளியிடுவதற்குச் சிறந்த முன்மாதிரி உ.வே. சாமிநாதையர். கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராக இருந்த அவர், வாங்குவதாக உறுதி கூறியவர்களிடம் முன்கூட்டியே கையொப்பம் பெற்றுத்தான் சீவக சிந்தாமணியை 1887இல் வெளிக்கொணர்ந்தார். மயிற்பொறி வானில் பறக்கும் காப்பியம் அது. பெருங்கதையையும் அவரே 1924இல் பதிப்பித்தார். அப்பதிப்பில் உஞ்சைக் காண்டத்தின் முதல் 31 காதைகள் இல்லை. இறுதியும் இல்லை. மதனமஞ்சிகை பிரிந்த இடத்தோடு ஏடு நின்றுவிடுகிறது. நரவாணதத்தன் விஞ்சையருலகை ஆளும் முடிவைக் கொங்குவேளிர் எவ்வாறு பாடினார் என்பதை நாம் அறியமாட்டோம். அதை எந்த மன்னனும் எரிக்கவில்லை. சுவடியைச் செல்லும் கறையானும் தின்னுமுன் படித்துப் படியெடுத்து வைக்கப் போதிய கைகள் இல்லை, அவ்வளவே.

ஆகவே நூலைப் பரப்புதல் என்பது ஆசிரியரின் ஆசை மட்டுமன்று. நூல் உயிரோடிருப்பதற்கு வேண்டிய உழைப்பின் ஒரு பகுதி அது. இன்று கோவையில் நூறு படிகள் மட்டும் அச்சிட்டுக்கொள்ளலாம். கிண்டிலில் செலவின்றியே வெளியிடலாம். படியெடுக்கும் சிரமம் தீர்ந்துவிட்டது. படிப்பவரைத் தேடும் சிரமம் தீரவில்லை. நம் எழுத்தாளர் பலர் செய்யும் பிழை, பிரபலங்களின் வாழ்த்துரைக்காகக் காத்திருப்பது. அது சாதவாகனனின் வாயிலில் நிற்பதற்கு ஒப்பாகும். கொடிசியா புத்தகத் திருவிழாவில் கடைக்கோடி அரங்கில் நின்று, தன் கதையின் முதல் அத்தியாயத்தை நான்கு பேருக்கு வாசித்துக் காட்டுபவர் செய்வது சிறுமையான காரியமன்று. அந்த நால்வருள் ஒருவர் அடுத்த அத்தியாயம் கேட்டு மறுநாள் வந்தால், அவருடைய நூல் அரங்கேறிவிட்டது என்றே கொள்ளலாம்.