பெர்மிட்டின் பயணம்

கண்டியில் ஓடும் தனியார் பஸ் ஒன்று விலைக்கு வந்தால், பேச்சு வண்டியிலிருந்து தொடங்காது. பெர்மிட் எந்தத் தடத்துக்கு என்பதிலிருந்துதான் தொடங்கும். நல்ல வருமானமுள்ள தடமென்றால் அந்தத் தாளின் விலை வண்டியின் விலையையே விஞ்சிவிடும்.

அந்தத் தாளுக்கு வயது எண்பதுக்கு மேல். பஸ் வாங்கியவரெல்லாம் ஓட்டி, ஆள் பிடிப்பதில் அடிதடி வரை போன காலத்தை முடிக்க, 1942இல் வந்த சட்டம் ஒரு தடத்தில் பஸ் ஓட்ட ஒருவருக்கே உரிமம் என்றது. சண்டை அடங்கியது, பஸ் முதலாளிகள் அரசியல் பலமும் பெற்றார்கள். 1958 ஜனவரி 1ஆம் திகதி பண்டாரநாயக்க அரசு கம்பனிகளைச் சுவீகரித்து இலங்கைப் போக்குவரத்துச் சபையை (இ.போ.ச.) அமைத்ததும் தாள் செல்லாக்காசானது. 1979இல் தனியாருக்கு மறுபடி வழி திறந்தபோது உயிர் பெற்றது. இம்முறை அது போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் ஒற்றை பஸ் வைத்திருந்த சிறு முதலாளிகளிடம்.

மாகாண சபைகள் வந்தபின் தாளும் இரண்டானது. கண்டி–கடுகண்ணாவை பஸ்ஸுக்கு மத்திய மாகாணம் கொடுக்கும். சற்றே கீழிறங்கி மாவனல்லை வரை போனால் சப்ரகமுவ மாகாணம். மாகாண எல்லை தாண்டும் அந்த பஸ்ஸுக்குத் தேசியப் போக்குவரத்து ஆணைக்குழுவின் பெர்மிட் வேண்டும். இவற்றோடு இ.போ.ச. பஸ்ஸும் அதே பேராதனை வீதியில்.

இதைத்தான் அரசு–தனியார் கூட்டு என்கிறோம். என் பார்வையில் இது பாதிக் கூட்டு. தடத்தையும் கட்டணத்தையும் அரசு நிர்ணயிக்கிறது. டீசல், டயர், காலி ஆசனம் எல்லாம் முதலாளி தலையில். அன்றன்றைய வசூலே வரும்படி என்பதால், கட்டுகஸ்தோட்டை வீதியில் முன்னால் போகும் பஸ்ஸை முந்துவதும், ஆள் நிறையும்வரை தரிப்பிடத்தில் இழுத்தடிப்பதும் சாரதியின் குணக்கேடு மட்டுமல்ல, கணக்கு அப்படி. லண்டன் 1985இல் தொடங்கிய டெண்டர் முறை பிற்பாடு வேறு கணக்குக்கு வந்தது: கட்டணம் அரசுக்கு, ஓட்டிய சேவைக்கு ஒப்பந்தப் பணம் கம்பனிக்கு.

இங்கேயும் அதன் சாயல் உண்டு. 2005இல் தொடங்கிய ‘சிசு செரிய’ பாடசாலை பஸ்ஸில் மாணவர் குறைந்த கட்டணமே கொடுப்பார். மிச்சத்துக்கு அரசு மானியம் தரும். கண்டியின் குட்ஷெட் பஸ் நிலையத்தில் உலக வங்கிக் கடனில் புதிய முனையம் எழுகிறது. மாகாண பெர்மிட், ஆணைக்குழு பெர்மிட், இ.போ.ச. என மூவகை பஸ்களும் ஒரே கூரைக்குக் கீழ் வந்தால், நேர அட்டவணையை யார் கையில் கொடுப்பது என்ற பேரம் அங்கேதான் தொடங்கும்.