உயிலும் எல்லைக்கோடும்

2025ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நாடாளுமன்றம் இயற்றிய நீக்க, திருத்தச் சட்டம், வழக்கொழிந்த பழஞ்சட்டங்கள் பலவற்றைக் களைந்தது. அந்தக் களையெடுப்பின்போதே, 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவும் நீங்கிற்று. சென்னையில் வீடு வைத்திருந்து, தந்தையோ தாயோ எழுதிய உயிலைக் கையில் பிடித்துக்கொண்டு உயர் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிய குடும்பங்களுக்கு அந்தப் பிரிவின் எண் மறக்காது. வாலாஜாபேட்டையில் வீடு வைத்திருந்தவர்களுள் பெரும்பாலோர் அதைக் கேள்விப்பட்டுக்கூட இருக்க மாட்டார்கள். ஏன் இந்த வேறுபாடு என்று தேடப்போய் நாம் கண்ட வரலாறே இக்கட்டுரை.

புரொபேட் என்பது, இறந்தவர் எழுதிய கடைசி உயில் இதுதான், முறைப்படி எழுதப்பட்டதுதான் என்று நீதிமன்றம் சோதித்து, முத்திரையிட்டு, உயிலில் பெயர் குறிக்கப்பட்ட நிறைவேற்றுநரிடம் அளிக்கும் சான்று. புரொபேட் இல்லாமல் உயில்வழி உரிமையை எந்த நீதிமன்றத்திலும் நிலைநாட்ட முடியாது என்றது 213ஆம் பிரிவு. ஆனால் இந்துக்களைப் பொறுத்தவரை அது நாடு முழுவதற்குமான விதி அன்று. பழைய வங்காள மாகாண ஆளுகைப் பகுதியிலும், சென்னை, பம்பாய் உயர் நீதிமன்றங்கள் நேரடியாக வழக்கு ஏற்கும் நகர எல்லைகளிலும் எழுதப்பட்ட உயில்களுக்கும், அவ்விடங்களில் உள்ள வீடு நிலங்களைப் பற்றிய உயில்களுக்கும் மட்டுமே அது பொருந்தியது. ஒருவர் வாலாஜாபேட்டையில் அமர்ந்து வாலாஜாபேட்டை வீட்டைப் பற்றி எழுதினால் புரொபேட் தேவையில்லை. அதே உயிலில் சென்னை ஜார்ஜ் டவுனில் உள்ள ஒரு வீட்டையும் சேர்த்துவிட்டால் தேவை. உறவினர் வீட்டுக்குச் சென்னை வந்தவர் அங்கேயே கையெழுத்திட்டுவிட்டாலும் தேவைதான்.

இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே சுமார் 100 கிலோமீட்டர். 1856 ஜூலை 1ஆம் நாள் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப் பாதை திறக்கப்பட்டது இராயபுரத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் இடையேதான். பத்தாண்டு கழித்து, 1866இல், வாலாஜாபேட்டை நகராட்சியாயிற்று. தமிழகத்தின் மிகப் பழைய நகராட்சிகளுள் ஒன்று அது. வண்டியேறினால் சில மணி நேரத்தில் பட்டணம். சொத்து விஷயத்தில் மட்டும் வேறு உலகம்.

தர்ம சாத்திரங்களில் உயில் என்ற கருத்தே இல்லை. சொத்து குடும்பத்துடையது, மகன் பிறக்கும்போதே பங்குடன் பிறக்கிறான், தந்தை இறந்தால் அவர் பங்கு எஞ்சியவர்களிடம் தானே சேர்ந்துவிடும். இறந்த பின்பும் தம் சொத்து இன்னவழி செல்ல வேண்டும் என்று ஒருவர் ஆணையிடுவதற்கு அங்கே இடமில்லை. நம் மொழியும் இதற்குச் சாட்சி சொல்கிறது. ஆங்கிலச் சொல்லைத்தான் ‘உயில்’ என்று தமிழ் நாவுக்கு ஏற்ப வளைத்துக்கொண்டோம். மரண சாசனம், விருப்பாவணம் என்றெல்லாம் எழுதிப் பார்த்தும், பத்திர எழுத்தரின் வாயில் உயிலே நின்றது. (வில்லங்கம் என்ற சொல்லுக்கும் இதற்கும் உறவு கற்பிக்கச் சிலருக்குத் தோன்றக்கூடும், அனுபவத்தில் பொருத்தமாகவே படும்.)

சட்டம் வருமுன் பழக்கம் வந்துவிட்டது. கும்பெனியாருடன் பழகிய துபாஷிகளும் வணிகர்களும் வெள்ளையர் உயில் எழுதக் கண்டு தாமும் எழுதத் தலைப்பட்டனர். அவற்றுள் தமிழகம் நன்கறிந்தது பச்சையப்ப முதலியாருடையது. 1794 மார்ச் 22ஆம் நாள், நாற்பது வயதில், கும்பகோணத்தில் அவர் அதை எழுதினார். மாத முடிவுக்குள் திருவையாற்றில் காலமானார். திரட்டிய பெருஞ்செல்வத்தில் பெரும்பகுதி கோயில் வழிபாட்டுக்கும் அறச்செயல்களுக்கும் என்பது உயிலின் சாரம். உயில் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அதை நிறைவேற்றும் பொறுப்பும் அதற்குக் கணக்குக் கேட்கும் அதிகாரமும் தெளிவாக இருக்கவில்லை. குடும்பத்தார் பூசல், உரிமை கோரியவர்களின் வழக்குகள், கைமாறிய பணம் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தது. சென்னை உச்ச நீதிமன்றம் (இன்றைய உயர் நீதிமன்றத்துக்கு முன்னோடி) தலையிட, தலைமை அரசு வழக்கறிஞர்களாக இருந்த ஹெர்பர்ட் காம்ப்டனும் ஜார்ஜ் நார்ட்டனும் முயல, அறங்களுக்கு ஒதுக்கியது போக வட்டியுடன் வளர்ந்து நின்ற தொகையைக் கல்விக்குத் திருப்பினார்கள். 1842இல் பள்ளி திறந்தது. பின்னாளில் அது கல்லூரியாயிற்று. தமிழ்நாட்டில் கல்வி வளர்த்த உயில் என்று நாம் போற்றுவதன் பின்னே, நிறைவேற்றுநரைக் கேள்வி கேட்பாரில்லாமல் போனால் என்ன ஆகும் என்ற பாடமும் கிடக்கிறது. புரொபேட் என்ற ஏற்பாடு வேண்டாத வெள்ளைக்காரச் சடங்கு என்று நாம் தள்ளிவிடாததற்கு இதுவே காரணம்.

வாலாஜாபேட்டைக்குப் பெயர் தந்த நவாபு முகம்மது அலி வாலாஜாவின் கதை இதைவிடப் பெரிது. 1795இல் அவர் மறைந்தபோது வாரிசுகளுக்கு விட்டுச்சென்றதில் பெரியது கடன். அக்கடன்களைச் சோதிக்க 1805இல் அமைந்த ஆணையம் பல்லாண்டுக் காலம் உட்கார்ந்து, கோரப்பட்ட தொகையில் பத்தில் ஒரு பங்கைக்கூட ஏற்காமல் தள்ளியது. போலிக் கடன் பத்திரங்கள் அவ்வளவு மலிந்திருந்தன. இறந்தவரின் சொத்தை எண்ணுவதற்கு முன் அவர் கடனை எண்ண வேண்டும் என்று சட்ட நூல்கள் சொல்வது ஏட்டுப் பேச்சன்று.

மாகாணத்தின் உட்பகுதிகளில் இந்து உயிலின் நிலை நெடுநாள் தடுமாறியது. 1802ஆம் ஆண்டு ஒழுங்குமுறையொன்று உயிலுக்கு இடம் கொடுத்தது. 1829ஆம் ஆண்டின் ஐந்தாம் ஒழுங்குமுறை, இந்து சட்டத்துக்கு ஒத்துவராத எந்த உயிலுக்கும் வலுவில்லை என்று அதைப் பிடுங்கிக்கொண்டது. முதல் பயணிகள் இரயில் ஓடிய அதே 1856இல், நாகலட்சுமி அம்மாளுக்கும் கோபு நடராஜ செட்டிக்கும் இடையிலான சென்னை வழக்கில், தனிச்சொத்தை உயில்மூலம் அளிக்கலாம் என்பதை இலண்டன் பிரிவிக் கவுன்சில் ஏற்றது. 1863இல் வல்லிநாயகம் பிள்ளை வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமும் அவ்வழியே சென்றது. ஆனால் கூட்டுக் குடும்பப் பங்கை உயிலில் எழுத முடியாது என்று 1874இல் அதே நீதிமன்றம் கூறியது. அதற்குச் சொன்ன காரணம் நுட்பமானது: சாவு நிகழும் அந்த நொடியில் எஞ்சியவர் உரிமையும் உயிலின் உரிமையும் மோதுகின்றன, எஞ்சியவர் உரிமை மூத்தது என்பதால் அதுவே வெல்லும்.

இதற்கிடையே 1870ஆம் ஆண்டு இந்து உயில்கள் சட்டம் வந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் உயில் எழுத்தில் இருக்க வேண்டும், எழுதியவர் கையெழுத்திட வேண்டும், இரு சாட்சிகள் சான்றொப்பம் இட வேண்டும், புரொபேட் பெற வேண்டும். ஆனால் இவையெல்லாம் வங்காளத்துக்கும் சென்னை, பம்பாய்ப் பட்டணங்களுக்கும் மட்டுமே. வாலாஜாபேட்டையில் ஒரு நெசவு வணிகர் மரணப் படுக்கையில் நால்வரை அழைத்து வாய்மொழியாகச் சொன்னாலும் அது உயில்தான். அந்த நிலை 1927 ஜனவரி 1ஆம் நாள் வரை நீடித்தது. அன்று முதல் எழுத்தும் இரு சாட்சியும் எல்லா ஊர் இந்துக்களுக்கும் கட்டாயமாயின. புரொபேட் மட்டும் பட்டணத்தோடு நின்றது. வெள்ளையர் நீதிமன்றத்தின் கை எதுவரை நீண்டது என்பதைக் காட்டிய ஒரு கோடு, வெள்ளையர் போய் எழுபத்தெட்டு ஆண்டுகள் ஆன பிறகும் நம் சொத்துரிமையைப் பிரித்துக்கொண்டிருந்தது. ஏழை, பணக்காரன் என்ற வேறுபாட்டுக்காவது ஒரு நியாயம் கற்பிக்கலாம். இதற்குச் சரித்திரம் தவிர வேறு நியாயமில்லை.

வாய்மொழி, எழுத்து என்னும்போது இவ்வூரின் வேறொரு பரம்பரைச் சொத்து நினைவுக்கு வருகிறது. தியாகராசரின் மாணவர் வாலாஜாபேட்டை வெங்கடரமண பாகவதரும் அவர் வழியினரும் எழுதிக் காத்த கீர்த்தனைச் சுவடிகள் பின்னர் மதுரை சௌராஷ்டிர சபையைச் சென்றடைந்தன. எந்த நீதிமன்றமும் மதிப்பிட்டிருக்க முடியாத சொத்து அது.

இதே வட்டாரத்துத் தெருவொன்றில் மூன்று சமயத்தார் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தால் சட்டம் மூன்று வகையாகப் பேசிற்று. ஆர்க்காடு மிஷன் வழிவந்த கிறித்தவக் குடும்பத்துக்கு ஊர் எதுவானாலும் புரொபேட் கட்டாயம். 2002ஆம் ஆண்டுத் திருத்தமே அவர்களை விடுவித்தது. இந்து வீட்டுக்கு வேண்டாம். இஸ்லாமியர் வீட்டுக்கும் வேண்டாம். ஆனால் அங்கே உயிலுக்கே எல்லை உண்டு. ஈமச் செலவும் கடனும் போக எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுதக் கூடாது. சன்னி முறைப்படி வாரிசு ஒருவருக்கே எழுதுவதானால், எழுதியவர் இறந்தபின் மற்ற வாரிசுகள் இசைய வேண்டும். மீதம் குர்ஆன் வகுத்த பங்குகளின்படி மகள், மனைவி, தாய் எல்லாரையும் சென்றடையும்.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்துத் தோல் பதனிடும் குடும்பங்களுக்கு இது பெருஞ்சிக்கல். நிலத்தைப் பங்கு போடலாம். தோல் ஊறும் குழிகளையும் பாலாற்றுப் படுகைத் தண்ணீரையும் பெரியமேட்டுக் கிடங்கையும் எட்டுப் பங்காக்கினால் தொழில் என்னாவது? வாழ்நாளிலேயே தானமாகக் கொடுத்துவிடும் ஹிபா ஒரு வழி. கொடுத்தவர் கையிலிருந்து உண்மையாகவே சொத்து நீங்கினால்தான் அது செல்லும். குடும்ப வக்பு மற்றொரு வழி. அதை 1894இல் பிரிவிக் கவுன்சில் செல்லாதாக்கியது. ஜின்னா முன்னின்று கொண்டுவந்த 1913ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு உயிர் கொடுத்தது. வக்பின் பெயரால் பெண் வாரிசுகளின் பங்கு மறுக்கப்படலாகாது என்று 2025ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. மூன்றாவது வழி கூட்டு வணிகம். அதில் ஒரு கண்ணி உண்டு: வேறு உடன்பாடு இல்லையென்றால் 1932ஆம் ஆண்டுச் சட்டப்படி பங்காளி ஒருவரின் சாவோடு கூட்டு கலைந்துவிடும். சமயம் எதுவாயினும் இது எல்லா வணிகக் குடும்பங்களுக்கும் பொது. பத்திரத்தில் ஒரு வரி சேர்க்காமல் விட்டதற்கு அடுத்த தலைமுறை விலை கொடுக்கிறது.

இந்து வீட்டில் 1956 பெரிய திருப்பம். கூட்டுக் குடும்பப் பங்கையும் இனி உயிலில் எழுதலாம் என்றது இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு. 1874இன் தடை அகன்றது. இதை நாம் முழு மனத்தோடு கொண்டாட முடியவில்லை. மகளுக்குச் சொத்துரிமை தந்த அதே சட்டம், அவளை விலக்கி எழுதும் பேனாவையும் தந்தையிடம் தந்தது. 1989 மார்ச் 25 முதல், அன்று மணமாகாதிருந்த மகள்களைத் தமிழ்நாடு அரசு மகன்களுக்கு நிகரான கூட்டுரிமையாளர் ஆக்கியது. 2005இல் நாடு முழுவதும் மகள்கள் அவ்வுரிமை பெற்றனர். தந்தை 2005இல் உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் தெளிவாக்கியது. 1956க்கு முன்பே இறந்த தந்தையின் தனிச்சொத்தும் மகளுக்கே என்று தமிழ்நாட்டிலிருந்து சென்ற அருணாசல கவுண்டர் வழக்கில் 2022இல் தீர்ப்பாயிற்று. இவ்வளவுக்கும் பிறகு, “பெண்ணுக்குச் சீர் செய்தாகிவிட்டது” என்ற ஒரே வரியோடு மகன்கள் பேரில் எழுதப்படும் உயில்கள் நம் ஊர்களில் குறைந்தபாடில்லை. சட்டப்படி அதில் பிழையில்லை. தந்தை தம் பங்கையே எழுதலாம், பிறப்பால் மகளுக்குச் சேர்ந்த பங்கை எழுத முடியாது என்பதை மட்டும் அவ்வீடுகள் வசதியாக மறந்துவிடுகின்றன.

இப்போது புரொபேட் கட்டாயமில்லை, வேண்டுவோர் பெறலாம். செலவும் அலைச்சலும் குறைந்ததில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் உயிலை மெய்ப்பிக்கும் சுமை எங்கும் போய்விடவில்லை. தகராறு எழுந்தால், சான்றொப்பமிட்ட இருவரில் ஒருவரேனும், உயிருடன் கிடைப்பாரானால், நீதிமன்றத்தில் நின்று சாட்சி சொல்ல வேண்டும். உயிலால் பயன்பெறுபவரே அதை எழுதுவதில் முன்னின்றிருந்தால், அந்த ஐயத்தை நீக்கும் கடமையும் அவருடையதே என்று 1958இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி இன்றும் செல்லும். வங்கியில் நாமினி என்று பெயர் கொடுத்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கையும் பிழை. நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவரே, வாரிசு அல்லர் என்று 1983இலேயே காப்பீட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

ஆகவே எழுதுகிறவர் தம்மைவிட வயதில் இளைய இருவரைச் சாட்சியாக அழைப்பது நல்லது; பயன்பெறுபவர் அவர்களுள் ஒருவராக இருக்கலாகாது. உயிலைப் பதிவு செய்வது கட்டாயமன்று. செய்தால், உயில் தொலைந்தாலும் பதிவு நிற்கும். முத்திரையிட்ட உறையில் வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் பதிவுச் சட்டத்தில் இடமுண்டு. எழுதியவர் காலமான பின் வீட்டார் விண்ணப்பித்தால், பதிவாளர் அவர்கள் முன்னிலையில் உறையைத் திறந்து உயிலைத் தம் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்வார்.