மிசிசிப்பி வழிகாட்டிகளும் பரீட்சையின் வாயிலும்

சமுத்திரம் கடந்து வந்த கப்பற்றலைவன் எத்துணை அனுபவம் மிக்கவனாயினும், ஆற்றுமுகத்தை அடைந்ததும் அவ்விடத்து நீரை அறிந்த ஒருவனின் சொற்படி கப்பலைச் செலுத்துதல் உலகெங்கும் நிலவும் வழக்கமாகும். துறைமுக வழிகாட்டி எனப்படும் இவனது அறிவு முற்றிலும் இடஞ்சார்ந்தது. சென்ற மாதம் ஆழமாயிருந்த வழி இன்று மணற்றிட்டாகியிருப்பதை அவ்வாற்றிலே நாளும் செல்பவனே அறிவான். அவ்வாறாயின் இவனைப் பரீட்சிக்க வல்லவர் யாவர்? அதே நீரை அறிந்த ஏனைய வழிகாட்டிகளே என்பது பெரும்பாலும் அளிக்கப்பட்ட விடை. 1514ஆம் ஆண்டு எட்டாம் ஹென்றி மன்னனிடம் பட்டயம் பெற்று, பின்னர் தேம்ஸ் நதியின் வழிகாட்டிகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் உரிமையையும் பெற்ற திரினிற்றி இல்லம் கடலோடிகளின் சங்கமே. விடை நியாயமானதுதான். ஆயின், பரீட்சிப்பவனும் தொழிற் போட்டியாளனும் ஒருவனேயாகும்போது விளைவது யாது என்பதை ஐக்கிய அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்று வரலாறு காட்டுகின்றது.

அவ்வாற்றிற் கொதிகலன்கள் வெடித்துப் பயணிகள் பலர் மாண்டமையால், 1852இல் மத்திய அரசு கடுமையான சட்டமொன்றை இயற்றிற்று. பயணிகளை ஏற்றும் நீராவிக்கப்பல்களின் வழிகாட்டிகளும் பொறியாளரும் அரசாங்கப் பரிசோதகரிடம் அனுமதிப்பத்திரம் பெறவேண்டியவராயினர். பின்னாளில் மார்க் ருவெயின் என்னும் புனைபெயரால் உலகப் புகழ்பெற்ற சாமுவேல் கிளமென்ஸ் 1859இல் இப்பத்திரத்தைப் பெற்றார். ஹொரஸ் பிக்ஸ்பி என்ற வழிகாட்டியிடம் கட்டணம் செலுத்தித் தொழில் பயின்றவர் அவர். சென் லூயி முதல் நியூ ஓர்லியன்ஸ் வரை ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு மைல் நீளமுள்ள ஆற்றை இரவிலும் பகலிலும், ஏறும் திசையிலும் இறங்கும் திசையிலும் தனித்தனியே மனத்திற் பதித்தல் வேண்டியிருந்தது.

1883இல் வெளிவந்த தமது நூலில் அவர் வழிகாட்டிகளின் சங்கமொன்றைப் பற்றிக் கூறுவது ஈண்டு நோக்கற்பாலது. நகைச்சுவைக்காக மிகைப்படுத்தும் இயல்பினர் அவர் என்பதை மறத்தலாகாது. எனினும் அவர் காட்டும் பொறிமுறை நம்பத்தக்கதே. பயிலுநர் பெருகியதால் ஊதியம் வீழ்ந்தது. அதனை உயர்த்தக் கருதிய சங்கத்தார் சட்டத்திலேயே கருவியொன்றைக் கண்டனர். புதியவனின் விண்ணப்பத்தில் அனுமதி பெற்ற வழிகாட்டிகள் இருவர் கையொப்பமிட வேண்டும் என்பது விதி. வழிகாட்டிகள் அனைவரும் சங்கத்திற் சேர்ந்த பின்னர், கையொப்பமிடச் சங்கத்திற்கு வெளியே ஒருவருமிலர். ஐந்தாண்டுகளுக்குப் பயிலுநரை ஏற்பதில்லை என்றும், அதன்பின் வருவோர் பதினெட்டு வயது நிரம்பியவராய், ஆயிரம் டொலர் முற்பணம் செலுத்துபவராய் இருத்தல் வேண்டும் என்றும் தீர்மானித்தனர். பரிசோதகரின் பரீட்சை அவ்வாறே இருந்தது. அதனை அணுகும் வாயிலே அடைபட்டது. 1861இல் மூண்ட உள்நாட்டுப் போரும், தொடர்ந்து பரவிய புகையிரதப் பாதைகளும் நீராவிக்கப்பல்களின் செழிப்பைக் குலைத்தமையால் இச்சங்கத்தின் ஆதிக்கம் நீடிக்கவில்லை.

ஆற்றின் கீழ்ப்பகுதியிலோ வேறொரு முறை வேரூன்றியிருந்தது. 1789இல் அமெரிக்கக் காங்கிரஸ் துறைமுக வழிகாட்டலை மாநிலங்களின் சட்டத்திற்கே விட்டுவைத்தது. நியூ ஓர்லியன்ஸ் வட்டாரத்தில் 1805 முதலே வழிகாட்டிகள் ஆளுநரால் நியமிக்கப்படும் அலுவலராயினர். பிற்காலச் சட்டத்தின்படி, பதவியிலுள்ள வழிகாட்டிகளின் கீழ் ஆறு மாதம் பயின்றவருக்கே தகுதிச் சான்று கிடைக்கும். சான்றளிக்கும் ஆணைக்குழுவினரும் வழிகாட்டிகளே. பயிலுநராகச் சேர்க்கப்பட்டவரோ, பெரும்பாலும் அவர்தம் புதல்வரும் உறவினரும் நண்பருமாவர்.

மாநிலச் சட்டத்திற்கு உட்படாத கப்பல்களில் வழிகாட்டிகளாகப் பதினைந்து ஆண்டுகளுக்குக் குறையாத அனுபவம் பெற்ற சிலர் இதனை எதிர்த்து வழக்காடினர். அவர்களிடம் இல்லாதிருந்த தகுதி அந்த ஆறு மாதப் பயிற்சி ஒன்றே. 1947இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் அவர்களது முறையீட்டை நிராகரித்தது. பெரும்பான்மையினர் சார்பில் எழுதிய நீதியரசர் ஹியூகோ பிளாக், இத்தொழில் தனித்தன்மை வாய்ந்தது என்றார். இளமை தொட்டே ஆற்றோரத்தில் வளர்ந்து, மூத்தோருடன் படகிற் சென்று பழகுதலும், குடும்ப மரபு தரும் ஒற்றுமையும் பாதுகாப்பான சேவைக்கு உதவக்கூடும் என்பது அவர் வாதம். இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. வினாத்தாளில் அடங்காத அறிவு இத்தொழிலில் உண்டு என்பது உண்மையே. ஆயின் அவ்வறிவு குருதிவழி வருவதன்று, பழக்கத்தால் வருவது. பதினைந்தாண்டுப் பழக்கமுடையோரை அவ்வறிவின் பெயராலேயே விலக்கியதை நியாயப்படுத்தல் அரிது. உடன்படாத நீதியரசர் வைலி ரட்லெட்ஜும், தெரிவின் உண்மையான அளவுகோல் உறவே என்றும், அரசு தன் சட்டத்திலேயே உறவினருக்கு மட்டுமென எழுதிவைத்ததற்கு இது ஒப்பானது என்றும் எடுத்துக்காட்டினார். அவருடன் மேலும் மூவர் நின்றனர். ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், ஒரேயொரு வாக்கினால் அம்முறை நிலைபெற்றது.