மோபி டிக் நூற்சித்திரங்கள்

ஹெர்மன் மெல்வில் 1851-இல் வெளியிட்ட, திமிங்கில வேட்டையைப் பற்றிய ‘மோபி டிக்’ நாவலுக்குப் பல தலைமுறை ஓவியர்கள் வரைந்த படங்கள். அமெரிக்க நூற்சித்திர வரலாற்றில் இவற்றுக்குத் தனி இடம் உண்டு.

நாவல் முதலில் படங்கள் இல்லாமலே வந்தது. ஆனால் 55 முதல் 57 வரையுள்ள மூன்று அத்தியாயங்களில் படங்களைப் பற்றித்தான் பேச்சு. திமிங்கிலத்தை ஓவியர்கள் எப்படியெல்லாம் தப்பாக வரைந்தார்கள் என்று மெல்வில் ஒரு பிடி பிடிக்கிறார். 1841-இல் ‘அகுஷ்னெட்’ என்ற திமிங்கில வேட்டைக் கப்பலில் ஏறியவர் அவர். பேச உரிமை உள்ளவர். உயிருள்ள திமிங்கிலத்தின் உடல் பெரும்பாலும் நீருக்குள் இருக்கிறது. கரையொதுங்கியது உருக்குலைந்துவிடுகிறது. எலும்புக்கூட்டை வைத்தோ உருவத்தை ஊகிக்க முடியாது. பார்க்க ஆசையிருந்தால் வேட்டைக்கே போ என்பது அவர் கட்சி. அவர் மனமாரப் பாராட்டியவர்களில் ஒருவர், தானும் கடலோடியாக இருந்த பிரெஞ்சு ஓவியர் கார்னெரே.

1891-இல் மெல்வில் இறந்தபோது அவரை நினைத்துப் பார்க்க ஆள் குறைவு. 1919-இல் வந்த அவருடைய பிறந்த நூற்றாண்டையொட்டி மறுபடி படிக்கத் தொடங்கினார்கள். 1922-இல் மீட் ஷாஃபரின் வண்ண ஓவியங்களோடு ஒரு பதிப்பு வந்தது.

திருப்பம் ராக்வெல் கென்ட்டால் (1882–1971) வந்தது. சிகாகோவின் லேக்சைடு அச்சகம் 1926-இல் அவரை அணுகியது வேறொரு கடல் நூலுக்காக. ‘மோபி டிக்’தான் வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டார் கென்ட். அலாஸ்காத் தீவிலும் தென்னமெரிக்காவின் தென்கோடியிலும் வாழ்ந்து பார்த்தவர். 1929-இல் கிரீன்லாந்துக் கரையில் படகு உடைந்து தப்பியவர். 1930-இல் மூன்று தொகுதிகளாக, அலுமினிய உறையில், 1,000 படிகள் வெளியாயின. படங்கள் 280. பார்க்க மரச்செதுக்கு போலிருந்தாலும் எல்லாம் மையால் வரைந்தவை. கன்னங்கரிய இரவு, அதில் ஊசிக்கோடாக வெள்ளை, விண்மீன்களை நோக்கி நெட்டுக்குத்தாக எழும் திமிங்கிலம். மெல்விலின் நகைச்சுவை இவற்றில் கொஞ்சம் குறைவு என்றே சொல்ல வேண்டும், கம்பீரத்துக்குக் குறைவில்லை. அதே ஆண்டு ரேண்டம் ஹவுஸ் ஒரே தொகுதியாக மலிவுப் பதிப்புப் போட்டது. அதன் அட்டையில் கென்ட்டின் பெயர் இருந்தது, மெல்விலின் பெயர் விடுபட்டுப்போனது! விற்பனை என்னவோ அமோகம்.

பின்வந்தோர் கென்ட்டின் நிழலிலிருந்து விலக வழி தேடினர். சான் பிரான்சிஸ்கோவின் ஆரியன் அச்சகத்துக்காக 1979-இல் பாரி மோசர் செதுக்கிய 100 படங்களில் கப்பல்கள், கருவிகள், திமிங்கிலங்கள் உண்டு; நாவலின் மையப் பாத்திரமான கேப்டன் ஏகாபின் முகம் கிடையாது. வாசகரின் மனத்திலுள்ள ஏகாபுக்குப் போட்டியாக இன்னொருவரை நிறுத்தாத இந்தக் கட்டுப்பாடு அரியது. ஃபிராங்க் ஸ்டெல்லா 1980-களின் நடுவிலிருந்து பத்தாண்டுக்கு மேல் அத்தியாயத் தலைப்புகளையே பெயராக இட்டு அருவச் சிற்பங்களும் அச்சோவியங்களும் செய்தார். ஒஹையோவைச் சேர்ந்த மாட் கிஷ், தம்மிடமிருந்த பதிப்பின் பக்கத்துக்கு ஒரு படமென 552 படங்களைப் பழைய தாள்களில் வரைந்து 2011-இல் நூலாக்கினார்.